பாலித் தீவும் பாஸ்கல் இடுப்பும்

யோகா கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் விமானம் ஏறி இந்தியாவுக்கு வருகிறான். என் மனைவி எல்சி, யோகா கற்றுக்கொள்ள இந்தியாவிலிருந்து விமானம் ஏறி இந்தோனேசியாவுக்குப் போனாள்.

நியாயமா? நீங்களே சொல்லுங்கள். இட்லி சாப்பிட எவனாவது இத்தாலிக்குப் போவானா? வஞ்சிரம் வாங்க ராயபுரத்துக்காரன் பெங்களூருக்கு டிக்கெட் எடுப்பானா? இதையெல்லாம் நான் அவளிடமே கேட்டேன். பதிலுக்கு சூட்கேஸ் ஜிப்பை இழுக்கிற சத்தம்தான் வந்தது.

போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். மனைவி ஒரு மாதம் ஊரில் இல்லை என்றால் வருத்தப்பட நான் என்ன பைத்தியமா? ஆனால் விவகாரம் வேறு. என் மாடி அறைக்கே ஆபத்து வந்திருந்தது.

முப்பத்து மூன்று வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான். பெயர் பாஸ்கல். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை இருக்கிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே ஒரு கேரம் போர்டு, அதற்கு மேலே தொங்குகிற பல்பு, பவுடர் டப்பா, எதிர் ஸ்டூலில் என் தோஸ்து சௌக்கத் அலி. கீழ் வீடு மொத்தமும் எல்சி ராஜ்யம். அங்கே எந்தக் கொக்கியில் சட்டையை மாட்டுவது என்பதைக்கூட அவள்தான் சொல்வாள். எனக்கென்று இந்தப் பூமியில் இருந்தது அந்த அறை ஒன்றுதான்.

ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் திங்கட்கிழமை எங்கள் தெருவில் கேரம் டபுள்ஸ் போட்டி நடக்கும். நானும் சௌக்கத்தும் நாலு வருஷமாக அரையிறுதி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வருகிறோம். இந்த வருஷம் கப்பைத் தூக்குவது என்று மாடி அறையில் சபதமே எடுத்திருந்தோம்.

அந்த அறை மேல்தான் எல்சியின் கண் விழுந்தது. எங்கள் மகன் ஜெரி பிறந்த நாளிலிருந்து அவளுக்கு நான் பாஸ்கல் இல்லை, ஜெரி நைனா.

"ஜெரி நைனா, மாடி ரூமு எனுக்கு வோணும்."

"இன்னாத்துக்கு?"

"யோகா கிளாஸு வைக்கத்தான். மாதா கோயில் ஹால்ல இனிமே எடம் இல்லன்னுட்டாங்க. இருவது பொம்பளைங்க முட்டி வலியோட எங்க போவும்?"

"டாக்டராண்ட போவட்டும். நீ இன்னா பெரிய மாஸ்டரா? சர்டிபிகேட்டு கீதா உனுக்கு?"

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. வாயை அடைக்கத்தான் கேட்டேன். எல்சி வாயை மூடிக்கொண்டு போனைத் திறந்தாள். கப்பலில் இஞ்சினியராக இருக்கிற ஜெரி, அம்மா பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று அப்போதுதான் யோசித்துக்கொண்டு இருந்தானாம். பாலித் தீவில் முப்பது நாள் கோர்ஸ், போக வர டிக்கெட். முடிந்தது கதை. பெற்ற பிள்ளையே இப்படிச் செய்தால் நான் யாரிடம் போய் அழுவேன்?

ஜெரியை வீடியோவில் சாட்சி வைத்துக்கொண்டு எல்சி ஒப்பந்தம் போட்டாள். "சர்டிபிகேட்டோட வந்தா ரூமு எனுக்கு. இல்லாங்காட்டி ரூமு உனுக்கே. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சரியா?"

சரி என்று சொல்லித் தொலைத்தேன். தவக்காலத்தில் போய் ஈஸ்டருக்குள் திரும்புகிற மாதிரி தேதி வைத்தாள். அதற்கும் காரணம் வைத்திருந்தாள்.

"நாப்பது நாளைக்கு வூட்ல கறி, மீனு எதுவும் கெடையாது. நீ ரசத்தை வச்சி அப்பளம் சுட்டுக்கோ. எனுக்கும் நிம்மதி."

ஆள் கிளம்பினாள். மறுநாளே போன் வந்தது. அவளுடைய அன்றாடக் கதையை அன்றாடம் கேட்கிற தண்டனை அன்று தொடங்கியது.

"அஞ்சு மணிக்கு மணி அடிச்சிடுறாங்க. எழுந்ததும் மூக்குல உப்புத் தண்ணி வுடணும். ஒரு மூக்குல வுட்டா இன்னொரு மூக்குல வருது."

"காசிமேட்டுக் கடல்ல முங்கினா ரெண்டு மூக்குலயும் சும்மாவே ஏறும். இதுக்கு ஃப்ளைட்டா?"

"நாஸ்தாவுக்கு கறுப்பு அரிசிக் கஞ்சி. மேல தேங்காப் பாலு. நீ இன்னா துன்னே?"

"நான் வெள்ளை அரிசிக் கஞ்சி. மேல ஒண்ணும் இல்ல."

"காலைல ஏழு மணி வரிக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அது ரூலு."

"நீயும் தொறக்கலியா?"

"ரூலுன்னா ரூலுதானே?"

முப்பத்தோரு வருஷமாக நான் போட்ட எந்த ரூலுக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை. அங்கே மணி அடித்தால் வாயை மூடுகிறாளாம்! ஒரு மணி எங்கே கிடைக்கும் என்று சௌக்கத்திடம் விசாரித்தேன்.

"சாயங்காலம் ஓம் சொல்ல சொல்றாங்க. மாதாவே கோச்சிக்காதேன்னு உள்ளுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டு, அப்புறம்தான் சொல்றேன்."

"சரி, மாஸ்டரு யாரு? இமயமலையா?"

"பெரம்பூரு."

"எந்த நாட்டுல கீது அது?"

"நம்ம பெரம்பூருதான். பேரு சித்தார்த். அவுங்க அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்ல பிட்டரா இருந்தாராம்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் போட முடியாது. ராயபுரத்துக்காரி பெரம்பூர்க்காரனிடம் பாடம் கேட்கப் பாலித் தீவுக்குப் போயிருக்கிறாள்! பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். டிராஃபிக் இருந்தால் ஒரு மணி நேரம். இடையில் இறங்கி டீ குடித்துவிட்டுக்கூடப் போகலாம். இந்த அநியாயத்தை அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். கேட்டுக்கொண்டே சௌக்கத் மூன்று கேம் ஜெயித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே லீவு. லீவு நாளில் என்னை நினைத்து ஏங்குவாள் என்று எதிர்பார்த்தேன். சாயங்காலம் போன் வந்தது.

"காலைல மாதா கோயில் பூசைக்குப் போனேன். அவுங்க பாஷை. ஆனா எப்போ முட்டி போடணும், எப்போ எழுந்திரிக்கணும்னு தெரியாதா இன்னா? அப்புறம் துணியெல்லாம் தொவச்சி காயப் போட்டேன். அப்புறம் நானும் ரூத்தும் பீச்சுக்குப் போனோம்." ரூத் என்பது அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஹாலந்துக்காரப் பெண்.

"ஆட்டோ கெடைக்குதா அங்க?"

"ஆட்டோ எங்க கீது? ஸ்கூட்டரு வாடகைக்கு எடுத்தோம்."

"அந்தப் பொண்ணு பின்னாடி பத்திரமா ஒக்காந்தியா?"

"அதுதான் என் பின்னாடி ஒக்காந்துது. நான்தான் ஓட்டினேன்."

போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். முப்பத்தோரு வருஷம் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, "மெதுவா போ, மெதுவா போ" என்று என் தோளைப் பிய்த்தவள் இவள்!

"உனுக்கு யாரு வண்டி கத்துக் குடுத்தது?"

"நீதான். முப்பது வருஷமா பின்னாடிகீந்து பாத்துகினுதானே கீறேன்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருவி. அங்கே ரூத்தின் கண்ணாடியைக் குரங்கு பிடுங்கியதாம். எல்சி போட்ட அதட்டலில் அது திருப்பிக் கொடுத்துவிட்டதாம். குரங்கை நான் குறை சொல்லமாட்டேன். அதன் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இவ்வளவு சந்தோஷமாகப் படிக்கிறவள் கட்டாயம் பாஸ் ஆவாள். பாஸ் ஆனால் என் அறை போச்சு.

பேச்சுவாக்கில் அவளே ஒரு ரூலைச் சொல்லியிருந்தாள். தொடர்ந்து மூன்று நாள் கிளாஸுக்குப் போகாவிட்டால் சர்டிபிகேட் கிடையாது. பாலியிலிருந்து அவளை ஒரு தடவை வீட்டுக்கு வரவழைத்துவிட்டால் போதும். போக ஒரு நாள், வர ஒரு நாள், அழ ஒரு நாள். கணக்குச் சரியாக வந்தது. புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்த மனைவி வரமாட்டாள்?

என்ன வியாதி என்பதில்தான் யோசனை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பார்கள். பிரஷர் என்றால் பக்கத்து வீட்டு ஃபாத்திமா மெஷினை எடுத்துக்கொண்டு ஓடி வரும், அது நர்ஸ். பல்வலி என்றால் பல்லைப் பிடுங்கி விடுவார்கள். இடுப்பு வலிக்குத்தான் சாட்சி, சான்று ஒன்றும் தேவையில்லை. வலிக்கிறது என்று நான் சொன்னால் வலிக்கிறது. அவ்வளவுதான்.

போன் போட்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டேன்.

"இன்னா ஜெரி நைனா, கொரலே சரியில்ல?"

"ஒண்ணுமில்லமே. இடுப்பு புடிச்சிகிச்சி. எழுந்திரிக்க முடியல. நீ அங்க சந்தோசமா படி. என்னியப் பத்திக் கவலைப்படாதே." இங்கே இன்னொரு பெருமூச்சு.

"அய்யோ! குனிய முடியுதா?"

"குனியவா? நெனைக்கவே முடியல. ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட ஆளில்ல. நீ பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்."

"நாளைக்குக் காலைல சொல்றேன்" என்றாள். போனை வைத்துவிட்டு மாடியேறி, ரெட் என்கிற சிவப்புக் காயையும், அதற்கு அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவையும் ஒரே வீச்சில் போட்டேன். அவ்வளவு உற்சாகம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வீடியோ கால். எல்சி முகத்தை எதிர்பார்த்தேன். குடுமியும் தாடியுமாக ஒரு ஆண் முகம் தெரிந்தது.

"இன்னா மாமு, இடுப்பு மக்கர் பண்ணுதா? நான்தான் சித்தார்த்து, எல்சிம்மாவோட மாஸ்டரு."

"நீங்க எதுக்கு தம்பி..."

"நம்ம ஸ்டூடண்டு ஒவ்வொருத்தரும் ஒரு வியாதிக்காரனப் புடிச்சி, பதினெட்டு நாளு சொல்லிக் குடுத்து, தேத்திக் காட்டணும் நைனா. அப்பத்தான் சர்டிபிகேட்டு. அல்லாரும் ஆளு தேடிகினு பேஜாராக் கீறாங்கோ. எல்சிம்மாவுக்கு வூட்லயே மாட்டிச்சி."

மாட்டியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்த பத்திருபது வெளிநாட்டு முகங்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டன. நான் லுங்கியைச் சரிசெய்துகொண்டேன்.

எல்சி முன்னால் வந்தாள். "ஜெரி நைனா, கீழ எடம் பத்தாது. கட்டிலு இடிக்கும். மாடி ரூமுக்குப் போ. அந்த போர்டைத் தூக்கி வெளிய வச்சிட்டு பாயப் போடு."

"இடுப்பு புடிச்சவன் எப்படிமே போர்டைத் தூக்குவான்?" என்று மடக்கினேன்.

"அதுவும் நெஜந்தான். சௌக்கத் பாயைக் கூப்ட்டு, அவுரு வூட்டுக்கே எடுத்துகினு போவச் சொல்லிடு."

என் வாயாலேயே சௌக்கத்தைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே என் போர்டு மாடிப்படி இறங்கியதை நான் பார்த்தேன். இறக்கி வைத்துவிட்டு அவன் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமு, இடுப்புல மட்டும் வெளாடக் கூடாது. போர்டு மேல குனிஞ்சி அடிச்சா அவ்ளோதான். நீ நல்லா ரெஸ்ட் எடு. ஈஸ்டர் மேட்சுக்கு நான் தெருக்கோடி வூட்டு ஜோவைச் சேத்துக்கறேன்."

"ஜோவா? அவனுக்கு ரெட்டுன்னா இன்னான்னே தெரியாதே!"

"தெரியாட்டி போவுது. குனியத் தெரியும்ல?"

சௌக்கத்திடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சௌக்கத்திடம் சொன்னால் அவன் மனைவி காத்தூன் பீவியிடம் சொன்ன மாதிரி. காத்தூன் பீவி, எல்சியின் கிளாஸில் முதல் வரிசை முட்டிவலி. எண்ணூர் பஸ் தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் விஷயம் பாலிக்குப் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு வலித்தேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு வகுப்பு. பூனை மாதிரி முதுகைத் தூக்கச் சொல்வாள். பாம்பு மாதிரி தலையைத் தூக்கச் சொல்வாள். பிணம் மாதிரி படுக்கச் சொல்வாள், அதில் மட்டும் நான் முதல் மார்க். வெளிநாட்டுக்காரர்களிடம் சித்தார்த் தேன் ஒழுகும் இங்கிலீஷில் பேசுவான். என் பக்கம் திரும்பினால், "மூச்சை நல்லா இழு நைனா. எதுக்கு கஞ்சத்தனம்? காத்து ஃப்ரீதானே?" என்பான். நான் முனகினால் எல்சி நோட்டில் எழுதுவாள். முனகாவிட்டாலும் எழுதுவாள். கிரேன் மேலே எழுபது அடி உயரத்தில் உட்கார்ந்து கப்பலையே காலி செய்தவன், ஒரு பாயின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஹாலந்து நாட்டுக்கு உதாரணமாகக் கிடந்தேன்.

சௌக்கத் வீட்டிலிருந்து தினமும் காயின் மோதுகிற சத்தம் கேட்கும். ஜோ அடிக்கிறான் என்று சத்தத்திலேயே தெரியும். அவ்வளவு கேவலமான சத்தம். காத்தூன் பீவி சாயங்காலம் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பும்போது, "அண்ணனைக் குனியாம குடிக்கச் சொல்லு" என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்பும்.

நடுவில் ஒரு நாள் எனக்கு லீவு வந்தது. பாலிக்காரர்களுக்கு அன்று புது வருஷமாம். நம் ஊர் மாதிரி பட்டாசு, கேக் எல்லாம் கிடையாது. தீவு மொத்தமும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் கிடக்க வேண்டும். விளக்கு கூடாது, வண்டி கூடாது. ஏர்போர்ட்டையே மூடிவிடுவார்களாம். போனில் நெட்டும் வராது. முந்தின நாள் எல்சி இதைச் சொன்னபோது, இப்படி ஒரு பண்டிகையைக் கண்டுபிடித்தவனின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்றிருந்தது.

காலையில் நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன். ஆறு மணிக்கே எழுந்தேன், அது வேறு விஷயம். பாயை விரிக்கவில்லை. டீயை ரெண்டு தடவை குடித்தேன். பத்து மணிக்கு ஒரு தடவை போனைப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் பத்து தடவை பார்த்தேன். ரசத்தில் உப்பு அதிகம், அதை யாரிடம் சொல்வது? வீட்டில் அப்படி ஒரு அமைதி. தூரத்தில் துறைமுக லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்கூடக் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவள் ஞாபகம் வந்துவிட்டது. மூக்கில் உப்புத் தண்ணீர் விட்ட கதையையாவது யாரேனும் சொல்லமாட்டார்களா என்று இருந்தது.

மறுநாள் காலை போன் மாடியில் அடித்தது. நான் கீழே இருந்தேன். ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறி எடுத்தேன்.

"இன்னா, இப்டி மூச்சு வாங்குது? ஓடியாந்தியா?"

"ஓடறதா? வலியோட தவழ்ந்து வந்தேன்மே."

"பாவம்" என்று சொல்லி நோட்டில் எழுதினாள்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிற்றுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது கடைசி வகுப்பு. அன்று சாயங்காலம்தான் ஈஸ்டர் மேட்சுக்குப் பெயர் கொடுக்கவும் கடைசி நேரம். சௌக்கத்தும் ஜோவும் காலையிலேயே மாடிக்கு வந்து என் இரண்டு பக்கமும் நின்றார்கள். எதிரே போனில் சித்தார்த், எல்சி, பத்திருபது கும்பிடுகள்.

"மாமு, உள்ளதைச் சொல்லு. வலி கீதா, போயிடுச்சா?" என்றான் சித்தார்த்.

என் நிலைமையைப் பாருங்கள். வலி இருக்கிறது என்றால் எல்சி ஃபெயில். அறை எனக்கு. ஆனால் மேட்ச் ஜோவுக்கு. இடுப்பு ஒடிந்தவனுக்கு மாடி அறை எதற்கு, காற்று வாங்கவா? வலி போய்விட்டது என்றால் மேட்ச் எனக்கு. அறை எல்சிக்கு. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்குள்ளேயே இரண்டு பக்கமும் சுவர் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஜோ விரல்களை மடக்கிச் சொடுக்குப் போட்டான். அந்தச் சத்தம்தான் என்னைக் கவிழ்த்தது.

"போயிடுச்சி" என்றேன்.

"எங்க, குனிஞ்சி காட்டு."

குனிந்தேன். நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை, ரெண்டு உள்ளங்கையும் தரையில் பட்டன. கல்யாணத்துக்கு அப்புறம் என் கால் விரலை நானே தொட்டது அன்றுதான். பாலித் தீவில் கைதட்டல். ரூத் அழுதேவிட்டாள். ஜோ முகம் தொங்கிப் போய்ப் படியிறங்கினான். எனக்கு அதில் மட்டும் ஆறுதல்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் எல்சி வந்து சேர்ந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள், பத்து வயது குறைந்திருந்தாள். பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் பையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட சர்டிபிகேட் வெளியே வரும் வரைக்கும். காபிகூடக் குடிக்காமல் சுத்தியலை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போனாள்.

"இந்த ஆணியைக் கொஞ்சம் புடி" என்றாள். பிடித்தேன். என் போர்டு இருந்த இடத்தை ஒட்டிய சுவர் அது. அதைப் பார்த்ததும் முப்பது நாள் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கிவிட்டது.

"நிறுத்துமே! இந்தச் சர்டிபிகேட்டு செல்லாது!"

"ஏன் செல்லாது?"

"எனுக்கு இடுப்பு வலியே இல்ல! அன்னிக்கு போன்ல சொன்னது மொத்தமும் பொய்யி! வியாதியே பொய்யின்னா, நீ குணப்படுத்துனதும் பொய்யி! சர்டிபிகேட்டும் பொய்யி! ரூமு எனுக்கு!"

சொல்லி முடித்து மூச்சு வாங்கினேன். அவள் கோபப்படுவாள், அழுவாள், நான் சமாதானம் செய்வேன் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அவள் சுத்தியலை ஓங்கி, ஆணியின் மேல் நிதானமாக ஒரு தட்டு தட்டினாள்.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"உனுக்கு நெஜமா வலிச்சா தெருவே கூடுற மாதிரி கத்துவே. அன்னிக்கு அடக்க ஒடுக்கமா பெருமூச்சு வுட்டியே, அப்பவே தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சிகினேவா பதினெட்டு நாளு என்னிய பூனை, பாம்புன்னு படுத்தி எடுத்தே? இன்னாத்துக்குமே?"

எல்சி சட்டத்தை மாட்டி, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.

"ரூத்துக்குக் கெடச்ச பேஷண்டுக்கு நெஜமாவே முட்டி வலி. பாவம், அந்தப் பொண்ணு ஃபெயிலு. வியாதியே இல்லாத பேஷண்டு தானா வந்து மாட்டினா, எவ வுடுவா?"